அந்தமானில் கூட்டம் குறைந்த தீவு எது? அம்மாவுடன் ஒன்பது நாள் பயணத்துக்கு ஆலோசனை வேண்டும்

நெய்தல்நிலம் (நவம்பர் 18, இரவு 9.10)

அனைவருக்கும் வணக்கம். வரும் பிப்ரவரி மாதம் நானும் கணவரும் என் அம்மாவும் அந்தமானுக்குச் செல்வதாக இருக்கிறோம். சென்னையிலிருந்து விமானத்தில் போய் வரும் நாட்களையும் சேர்த்து ஒன்பது நாட்கள் கையில் உள்ளன. ஒரு பயண முகவர் அனுப்பிய திட்டத்தில் ஏழு தீவுகள் இருக்கின்றன. சில தீவுகளில் இரண்டு மணி நேரம்தான் ஒதுக்கியிருக்கிறார். அந்த இரண்டு மணி நேரத்திலும் பாதி "புகைப்படம் எடுக்க" என்று எழுதியிருக்கிறது. படித்தபோதே களைப்பாகிவிட்டது.

இந்தப் பயணம் அம்மாவுக்காகத்தான். அவருக்கு 63 வயது, பாம்பனில் பிறந்து வளர்ந்தவர். தாத்தாவின் வலையில் வந்த மீன்களைத் தரம் பிரித்துக் கொடுத்தே இளமையைக் கழித்தவர், ஆனால் ஒருமுறைகூடத் தண்ணீருக்குள் தலையை விட்டுப் பார்த்ததில்லை. "இதெல்லாம் உயிரோட எப்படி இருக்கும்னு ஒரு நாளாவது பாக்கணும்" என்பார். அவருக்கு நீச்சல் தெரியாது; மைனஸ் நான்கு பவரில் கண்ணாடி அணிகிறார். முழங்கால் வலி உண்டு, ஆயினும் சமதளத்தில் ஒரு மணி நேரம் நடப்பார்.

எங்களுக்குத் தேவை மூன்று. கடற்கரையில் இரைச்சல் குறைவாக இருக்க வேண்டும். காடும் கடலும் பெரிதாகக் கெடாமல் இருக்க வேண்டும். நீச்சல் தெரியாத ஒருவர் ஸ்நார்கெலிங் (முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி, நீர்மேல் மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) செய்யப் பாதுகாப்பான, ஆழம் குறைந்த பவளத்திட்டு இருக்க வேண்டும். எந்தத் தீவைத் தேர்ந்தெடுக்கலாம்?

பயணப்பை (நவம்பர் 18, இரவு 10.02)

முதல்முறை செல்பவர்கள் ஹேவ்லாக் தீவைத் தவிர்க்க வேண்டிய தேவையில்லை. 2018-இல் அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள் என்றாலும் படகுத் துறையில் இன்றும் ஹேவ்லாக் என்றே கேட்பீர்கள். ராதாநகர் கடற்கரையை 2004-இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது. அதை நேரில் பார்த்தால் மிகைப்படுத்தவில்லை என்று தோன்றும். ஸ்நார்கெலிங்குக்கு எலிஃபன்ட் பீச் இருக்கிறது. நீச்சல் தெரியாதவர்களை மிதவை வளையத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, உதவியாளர் இழுத்துச் செல்வார். நாங்கள் மூன்று நாட்களில் இவை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

தீவான் (நவம்பர் 19, காலை 6.25)

வணக்கம் சகோதரி. நான் போர்ட் பிளேரில் பிறந்த மூன்றாம் தலைமுறைத் தமிழன். ஊரின் பெயர் 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது, என் வாய்க்குத்தான் இன்னும் பழகவில்லை. இங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளமாக இருப்பதால் அம்மாவுக்குச் சோற்றுக்கும் சாம்பாருக்கும் குறை வராது.

மேலே எழுதிய நண்பர் சொன்னது தவறில்லை. ஆனால் எலிஃபன்ட் பீச்சில் காலை பத்து மணிக்கு நின்று பார்த்தால் கடலைவிட ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகள்தாம் அதிகமாகத் தெரியும். ஒரு படகிலிருந்து இறங்குபவர்களை இருபது நிமிடத்தில் சுற்றிக்காட்டிவிட்டு அடுத்த படகுக்குப் போவது அங்கே வழக்கமாகிவிட்டது. பயந்த சுபாவம் உள்ள ஒருவருக்கு முகமூடியை மாட்டி, வாயால் மூச்சுவிடப் பழக்கவே இருபது நிமிடம் போய்விடும். உங்கள் அம்மா கடலுக்குள் எதையும் பார்க்காமலே கரையேறிவிடுவார் என்பதுதான் என் கவலை.

நான் சொல்வது நீல் தீவு. அரசுப் பெயர் ஷஹீத் தீவு. போர்ட் பிளேரிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். தனியார் வேகப் படகில் ஒன்றரை மணி நேரத்துக்குள்ளும், அரசுப் படகில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்திலும் சேரலாம். பதினான்கு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான, மேடு பள்ளம் அதிகமில்லாத தீவு. முழங்கால் வலிக்கு இதைவிட நல்ல நிலம் இங்கே கிடையாது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காளிக் குடும்பங்களைக் குடியேற்றிய இடம் என்பதால் ஊருக்குள் நெல் வயலும் வாழைத்தோட்டமும் காய்கறிப் பாத்திகளும்தான் அதிகம். போர்ட் பிளேர் சந்தைக்குக் காய்கறி இங்கிருந்து வருகிறது. பரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர், ராம்நகர் என்று ஊர்ப்பெயர்கள் முழுவதும் ராமாயணம்.

ஏழு தீவுத் திட்டத்தை விட்டுவிடுங்கள். நீலில் நான்கு அல்லது ஐந்து இரவுகள் தங்குங்கள். பகல் பயணிகள் பலர் காலைப் படகில் வந்து பிற்பகலில் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் வருவதற்கு முன்பும் போன பின்பும் இருக்கும் தீவுதான் நீங்கள் தேடுவது. இன்னொரு செய்தியையும் நினைவில் வையுங்கள். நாம் டெல்லிக்கு வெகு கிழக்கே இருந்துகொண்டு, டெல்லிக்கு ஒத்த கடிகாரத்தை வைத்திருக்கிறோம். பிப்ரவரியில் மாலை ஐந்தரை மணியை ஒட்டி சூரியன் மறைந்துவிடும். ஆனால் விடியலும் அதே அளவுக்கு முன்னதாக வரும் என்பதால், ஒன்பது மணிக்குச் சிற்றுண்டி முடித்துக் கிளம்புபவர்கள் நாளின் நல்ல பகுதியைத் தூங்கித் தொலைத்தவர்கள்.

உப்புக்காற்று (நவம்பர் 19, பகல் 1.40)

நீலும் இப்போது கெடாத தீவு என்று சொல்லத்தக்கதாக இல்லை. பரத்பூர் கடற்கரையில் நீர் ஸ்கூட்டர் இரைச்சல் கேட்கிறது. உண்மையிலேயே மனிதர் கை அதிகம் படாத இடம் வேண்டுமென்றால் சற்றுத் தொலைவுக்குப் போகத்தான் வேண்டும்.

மத்திய அந்தமானில் லாங் தீவு இருக்கிறது. ஒரு காலத்தில் மரம் அறுக்கும் தொழிலை நம்பியிருந்த ஊர், இன்று அமைதியாகக் கிடக்கிறது. அங்கிருந்து லாலாஜி பே கடற்கரைக்குக் காட்டுவழியில் நடந்தோ சிறு படகிலோ போகலாம். நான் போன நாளில் அந்த வெண்மணல் வளைவில் எங்களையும் இரண்டு நாய்களையும் தவிர வேறு உயிர் இல்லை. வடக்கே திக்லிபூருக்குப் போனால் ராஸ், ஸ்மித் என்ற இரட்டைத் தீவுகளை மணல் திட்டு ஒன்று இணைப்பதைப் பார்க்கலாம். நீர் ஏறும்போது அந்த மணல் மூழ்கி இரண்டும் தனித்தனித் தீவுகளாகிவிடும். காலிப்பூர் கடற்கரையில் பனிக்கால இரவுகளில் ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. 732 மீட்டர் உயரமுள்ள சேடில் சிகரமும் அங்கேதான் உள்ளது. தெற்கே சிறிய அந்தமானில் பட்லர் பே இருக்கிறது, அலைச்சறுக்கு விளையாடுபவர்களைத் தவிர வேறு யாரும் அதைத் தேடி வருவதில்லை.

வசதி குறையும், கழிப்பறை சுமாராக இருக்கும், மின்சாரம் போகும். அந்தக் குறைகள்தாம் அந்த இடங்களைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

தீவான் (நவம்பர் 19, மாலை 7.15)

உப்புக்காற்று சொன்ன இடங்களின் அழகை நான் மறுக்கவில்லை. லாங் தீவில் என் பெரியப்பா வேலை பார்த்தார். பள்ளி விடுமுறைகளை அங்கே கழித்திருக்கிறேன். ஆனால் போகும் வழியைப் பற்றி ஒரு சொல் எழுத வேண்டும்.

தரைவழியே மத்திய அந்தமானுக்கும் வடக்கு அந்தமானுக்கும் போகும் டிரங்க் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டுக்குள் செல்கிறது. குறித்த நேரங்களில், காவலுடன், வரிசையாகத்தான் வண்டிகளை விடுகிறார்கள். வண்டியை நிறுத்துவதும் படம் எடுப்பதும் குற்றம். அந்தப் பகுதிச் சாலையை மூடுமாறு 2002-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியது. இன்றும் சாலை திறந்திருக்கிறது. உள்ளூர் மக்களுக்கு மருத்துவமனை, கல்லூரி, சந்தை என்று வேறு வழியில்லாத தேவைகள் உண்டு என்பதை நான் அறிவேன். ஆனால் கடற்கரை பார்க்கப் போகும் நாம், இன்னொருவர் வீட்டு முற்றத்தின் வழியே பேருந்தில் எட்டிப் பார்த்துக்கொண்டு போவது எனக்கு ஒப்பவில்லை. லாங் தீவுக்குப் போர்ட் பிளேரிலிருந்து அரசுப் படகு உண்டு. அது தினமும் கிடையாது, பயணச்சீட்டும் எளிதில் கிடைக்காது. நேரம் தாராளமாக உள்ளவர்கள் அப்படிப் போகட்டும்.

சிறிய அந்தமானுக்குக் கப்பலில் பல மணி நேரம் ஆகும், கடல் கொந்தளித்தால் திரும்பும் நாள் நம் கையில் இல்லை. 63 வயது அம்மாவை வைத்துக்கொண்டு ஒன்பது நாளில் இது வேண்டாம். எந்தத் தீவுக்குப் போனாலும் விமானம் ஏறுவதற்கு முந்தைய இரவு போர்ட் பிளேருக்கு வந்து சேர்ந்துவிடுங்கள். காற்று மாறினால் படகுகளை நிறுத்திவிடுவார்கள்.

கரைவலை (நவம்பர் 20, காலை 11.30)

எந்தத் தீவு என்பதைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறோம். தண்ணீருக்குள் என்ன இருக்கும், அதை எந்த நேரத்தில் பார்ப்பது என்பதைப் பற்றி யாரும் எழுதவில்லை. நான் தூத்துக்குடிக்காரன், பவள ஆய்வுக் குழுக்களுக்கு உதவியாளனாக மன்னார் வளைகுடாவிலும் அந்தமானிலும் பல ஆண்டுகள் முக்குளித்திருக்கிறேன்.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்வது நல்லது. விளம்பரப் படங்களில் வரும் பல நிறப் பவளத் தோட்டம் ஆழம் குறைந்த இடங்களில் இன்று அரிது. 2010 ஏப்ரல், மே மாதங்களில் அந்தமான் கடல் வழக்கத்தைவிடச் சூடேறி, பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போயின. பவளம் என்பது ஓர் உயிரி. அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்கு நிறத்தையும் உணவின் பெரும்பகுதியையும் தருகிறது. வெப்பம் தாங்காமல் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிட்டால் வெண்ணிற எலும்புக்கூடு வெளியே தெரியும். சில வாரங்களில் வெப்பம் தணிந்தால் பாசி திரும்பும், இல்லாவிட்டால் பவளம் பட்டினியால் சாகும். மான்கொம்பு போல் கிளைவிடும் வகைகள் முதலில் செத்தன, பாறை உருண்டை போல் வளரும் தடித்த வகைகள் பல தப்பின. 2016-இலும் வெளுத்தது. அதற்கு முன்பே 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் வடக்கு அந்தமானின் கரைகள் மேலே எழும்பி, பவளத்திட்டுகள் வெயிலில் கிடந்து மாண்டன. தெற்கே நிலம் அமிழ்ந்தது. பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்து, அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்தது. ஆகவே மனிதர் கை படாத கடல் என்று ஒன்றைத் தேடி நெடுந்தூரம் போனாலும், அங்கேயும் வெப்பம் நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும். கூட்டம் இல்லாத லாலாஜி பேயும் இதற்கு விலக்கல்ல.

இதனால் மனம் தளர வேண்டாம். செத்த திட்டின் மேல் இளம் பவளங்கள் பிடித்திருப்பதையும், உருண்டைப் பவளங்களின் மேல் நீலமும் பச்சையுமான உதடுகளை விரித்துக் கிடக்கும் பெரிய சிப்பிகளையும், கடல் சாமந்தியின் விரல்களுக்குள் ஒளிந்து விளையாடும் கோமாளி மீனையும் மார்பளவு நீரிலேயே பார்க்கலாம். மீன்களுக்குக் குறைவில்லை.

இனி நேரம். எங்கள் கரையில் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். நீவாட்டையும் நீர் ஏற்ற வற்றத்தையும் தெரியாமல் கடலில் இறங்குபவன் கண்ணைக் கட்டிக்கொண்டு சாலையைக் கடப்பவன். அந்தமானில் நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறி வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு இரண்டு மீட்டரை நெருங்கும். நீல் தீவைச் சுற்றியுள்ள திட்டு மிகத் தட்டையானது. வற்றத்தின்போது போனால் முழங்கால் அளவு நீரில் பவளத்தின் மேல் நடக்கத்தான் முடியும், நடந்தால் பவளமும் உடையும் காலும் கிழியும். நீர் முக்கால்வாசி ஏறியபின் இறங்கி, முழு ஏற்றம் கழிந்து சிறிது நேரம் வரை மிதப்பதுதான் முறை. அந்த நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். தங்குமிடத்தில் ஓத அட்டவணை கேட்டு, அதற்கு ஏற்றபடி உங்கள் நாளை அமைத்துக்கொள்ளுங்கள். முழு வற்றத்தின்போது லட்சுமண்பூரின் இரண்டாம் கடற்கரைக்குப் போங்கள். அங்கே கடல் அரித்த இயற்கைப் பாலம் ஒன்றின் அடியில், பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் கடல் அட்டையும் நட்சத்திர மீனும் சிறு மீன்களும் சிக்கியிருக்கும். உள்ளூர்க்காரர்கள் கைகாட்டும் வழியில், வெறும் பாறையின் மேல் மட்டும் கால் வையுங்கள்.

தீவான் சொன்ன பல இரவுத் தங்கலுக்கு இதுவே என் காரணம். இரண்டு மணி நேரத்துக்கு வருபவருக்குக் கடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதுதான் கிடைக்கும்.

வெள்ளிமீன் (நவம்பர் 20, பகல் 3.05)

லட்சத்தீவுகளைப் பற்றி யாரும் பேசாதது வியப்பாக உள்ளது. மக்கள் வாழும் தீவுகள் பத்துதான். அனுமதிச் சீட்டு இல்லாமல் போக முடியாது என்பதால் கூட்டமும் குறைவு. வளையம் போன்ற பவளத்திட்டுக்குள் தேங்கிய காயல் குளம் போல் அமைதியாக இருக்கும். நீச்சல் தெரியாதவருக்கு அதைவிட ஏற்ற இடம் இந்தியாவில் இல்லை.

கரைவலை (நவம்பர் 20, மாலை 5.50)

காயலின் அமைதி பற்றிச் சொன்னது முழு உண்மை. ஆனால் அனுமதிக்கும் கப்பல் அல்லது விமான இருக்கைக்கும் காத்திருக்கும் காலத்தைக் கணக்கிட்டால், நாட்களை முன்பே குறித்துவிட்ட இவர்களுக்கு அது பொருந்தாது. 2024 கோடையில் அங்கும் பவளங்கள் கடுமையாக வெளுத்தன.

உப்புக்காற்று (நவம்பர் 20, இரவு 8.20)

என் முந்தைய பதிவில் லாலாஜி பே பற்றி எழுதியது சரிதானா என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டார். "யாரும் வராத இடம்" என்று எழுதி எழுதியே அந்த இடங்களுக்கு ஆள் சேர்க்கிறோம் என்கிறார். நியாயமான கேள்வி. லாங் தீவின் பெயர் எல்லா வழிகாட்டிகளிலும் இருப்பதால் நான் புதிதாக எதையும் வெளியிட்டுவிடவில்லை. ஆனால் மீனவர் ஒருவர் காட்டிய, பெயரில்லாத சிறு கடற்கரை ஒன்றைப் பற்றி எழுதி வைத்திருந்ததை நீக்கிவிட்டேன்.

தீவான் (நவம்பர் 21, காலை 6.40)

நல்லது செய்தீர்கள். அதே நேரத்தில், கூட்டத்தை முறையாக வரம்புக்குள் வைத்தால் தெரிந்த இடமும் தாக்குப்பிடிக்கும் என்பதற்கு ஜாலி பாய் தீவைச் சொல்வேன். வண்டூருக்கு அப்பால், 1983-இல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் சிறு தீவு அது. வனத்துறை அனுமதி வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு, திங்கட்கிழமை விடுமுறை. படகேறும் முன் பைகளைச் சோதித்து நெகிழிப் பொருட்களை வாங்கி வைத்துக்கொள்வார்கள். வேறு குடுவைக்கு முன்பணம் கட்டித் தண்ணீர் எடுத்துப் போக வேண்டும். தீவில் கடை இல்லை, இரவு தங்க இடம் இல்லை, படகுத் துறைகூட இல்லை. கண்ணாடி அடித்தளப் படகில் மாறித்தான் கரை சேர முடியும். மழைக்காலத்தில் அதை மூடி ரெட் ஸ்கின் தீவைத் திறப்பார்கள் என்பதால் ஜாலி பாய் திட்டுக்கு ஆண்டுதோறும் சில மாதம் ஓய்வு கிடைக்கிறது. ஊரறிந்த இடம்தான், ஆனாலும் எலிஃபன்ட் பீச்சைவிட நல்ல நிலையில் இருக்கிறது என்பது என் மதிப்பீடு. போர்ட் பிளேரில் இருக்கும் நாட்களில் ஒன்றை இதற்கு ஒதுக்குங்கள்.

நெய்தல்நிலம் (நவம்பர் 21, இரவு 9.30)

இத்தனை பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. நீல் தீவில் ஐந்து இரவுகள், போர்ட் பிளேரில் மூன்று இரவுகள் என்று முடிவு செய்து, முகவருக்குத் தெரிவித்துவிட்டோம். "ஐந்து நாள் அங்கே என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

இன்னும் இரண்டு கேள்விகள். கண்ணாடி அணிபவர் ஸ்நார்கெலிங் முகமூடிக்குள் எப்படிப் பார்ப்பது? அடுத்தது, முதலை பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து என் கணவர் தயங்குகிறார்.

தீவான் (நவம்பர் 22, காலை 6.20)

முதலை உண்மைதான். உவர்நீர் முதலைகள் எங்கள் ஓடைகளிலும் கண்டல் (அலையாத்தி) காடுகளிலும் வாழ்கின்றன. 2010-இல் ராதாநகரை ஒட்டிய குடாவில் ஸ்நார்கெலிங் செய்துகொண்டிருந்த அமெரிக்கப் பெண் ஒருவர் முதலையால் இறந்தார். ஓடை கடலில் கலக்கும் இடத்திலும், கண்டல் மரங்களின் அருகிலும், விடியற்காலை, அந்தி வேளைகளிலும் நீரில் இறங்க வேண்டாம். எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்தில் பலகைக்குக் கட்டுப்படுங்கள். குளிக்க அனுமதித்த கடற்கரையில், உள்ளூர் ஆட்களுடன், பகலில் இறங்கினால் உங்கள் கணவர் அச்சப்படத் தேவையில்லை. நடைமுறையில் உங்களை வாட்டப்போவது மணல் ஈ. மாலையில் மணலில் உட்காராதீர்கள். கால்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

கரைவலை (நவம்பர் 22, காலை 10.45)

பவர் கண்ணாடி பொருத்திய முகமூடி ஆயத்தமாகவே கிடைக்கிறது. நீருக்குள் பொருட்கள் சற்றுப் பெரிதாகத் தெரியும் என்பதால் அரைப் பவர் குறைந்தாலும் பாதகமில்லை. அங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று நம்பிப் போகாமல் சென்னையிலேயே வாங்கிவிடுங்கள். வாங்கும்போது பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும். கையை எடுத்தபின்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான் அவருக்கான அளவு. முழு முகத்தையும் மூடும் வகையை வாங்க வேண்டாம், தண்ணீர் புகுந்தால் சட்டென்று கழற்ற முடியாது.

போவதற்கு முன் ஒரு வாரம், வீட்டில் ஒரு அகன்ற பாத்திரத்தில் நீர் நிரப்பி, முகமூடியும் குழாயும் மாட்டி முகத்தை அமிழ்த்தி, வாயால் மட்டும் மூச்சுவிடும் பழக்கத்தை நாளுக்குப் பத்து நிமிடம் செய்யட்டும். சிரிப்பாக இருக்கும், ஆனால் கடலில் முதல் பத்து நிமிடப் பதற்றம் இதனால் பாதியாகக் குறையும். உடைக்குக் கவலைப்பட வேண்டாம். முழுக்கைச் சட்டையும் இறுக்கமான கால்சட்டையும் போதும். சுடிதாரின் மேல்துணி நீரில் விரிந்து கையைக் கட்டிவிடும். உடல் மூடியிருந்தால் வெயில் களிம்பும் அதிகம் தேவைப்படாது. களிம்பில் உள்ள சில வேதிப்பொருட்கள் பவளத்துக்கு ஆகாதவை என்று பலாவ் நாடு 2020-இலேயே அவற்றைத் தடைசெய்துவிட்டது.

கரையில் கிடந்தாலும் பவளத்துண்டையோ சங்கையோ எடுத்துவர வேண்டாம். பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொல்வார்கள்.

நெய்தல்நிலம் (மார்ச் 2, இரவு 8.45)

நாங்கள் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. இழையில் எழுதியவர்களுக்கு என்ன நடந்தது என்று சொல்வது என் கடமை.

முதல் நாள் தோல்வி. கரைவலை அத்தனை விளக்கியும், நீலுக்குப் போய் இறங்கிய அன்றே ஆர்வத்தில் பரத்பூரில் ஒரு ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டிவிட்டோம். நீர் வற்றிக்கொண்டிருந்த நேரம். அவருடைய ஆள் அம்மாவின் கையைப் பிடித்து விறுவிறுவென்று இழுத்துப் போனார். குழாய்க்குள் நீர் புகுந்து, உப்பு நீரைக் குடித்து, அம்மா ஐந்து நிமிடத்தில் எழுந்து நின்றுவிட்டார். நின்ற இடம் பவளம். காலில் கீறல். "எனக்குப் போதும்டி, நான் கரையிலேயே உக்காந்துக்கிறேன்" என்றார். ஏழு தீவுத் திட்டத்தில் போயிருந்தால் அத்துடன் கதை முடிந்திருக்கும்.

மறுநாள் எங்கும் போகவில்லை. சீதாபூரில் விடியலைப் பார்த்துவிட்டு, வாடகை மிதிவண்டியில் கணவர் அம்மாவைப் பின்னால் வைத்து ஊர் முழுதும் ஓட்டினார். வயலோரம் ஒரு வங்காளி அம்மாள் இளநீர் வெட்டிக் கொடுத்தார். மொழி தெரியாமலே இருவரும் மீன் விலை பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். மாலையில் தங்குமிடத்தின் உரிமையாளர் ஓத அட்டவணையைத் தாளில் எழுதித் தந்து, தன் உறவினரான இளைஞர் ஒருவரை அறிமுகப்படுத்தினார்.

அந்த இளைஞர் மூன்றாம் நாள் அம்மாவை இடுப்பளவு நீரில், வெறும் மணலில் முக்கால் மணி நேரம் நிற்க வைத்தார். பவளத்தின் பக்கம் போகவே இல்லை. முகத்தை அமிழ்த்து, எழு, மீண்டும் அமிழ்த்து என்பது மட்டும்தான். வீட்டில் பாத்திரத்தில் பழகியது அப்போது கைகொடுத்தது. பிறகு மிதவை வளையத்தில் கைகளை ஊன்றச் சொல்லி மெல்ல நகர்த்தினார். நான் பக்கத்தில் மிதந்தேன்.

அம்மா குழாயை வாயிலிருந்து எடுக்காமலே ஏதோ கத்தினார். பயந்துவிட்டாரோ என்று நிமிர்த்தினோம். "ஓரா! ஓரா கூட்டமா மேயுதுடி!" என்றார். அதன்பின் நாற்பது நிமிடம் நிறுத்தவில்லை. ஓரா, நகரை, களவா, கிளிஞ்சான் என்று ஒவ்வொன்றாகத் தலையை நிமிர்த்தி நிமிர்த்திப் பெயர் சொன்னார். அந்த இளைஞருக்கு அவற்றின் ஆங்கிலப் பெயர்களும் வங்காளிப் பெயர்களும் தெரியும். அம்மாவுக்குப் பாம்பன் பெயர்கள் தெரியும். எனக்கு எதுவும் தெரியாது. கூடையில் வெளிறிக் கிடக்கும் கிளிஞ்சானின் நிறம் உயிரோடு இருக்கும்போது இப்படிப் பச்சையும் இளஞ்சிவப்புமாக மின்னும் என்று தான் நினைத்ததே இல்லை என்றார். அவை திட்டைக் கொறிக்கும் ஓசை நீருக்குள் தெளிவாகக் கேட்டது. "கற்கண்டு கடிக்கிற சத்தம்" என்று அம்மா சொன்னது சரியான உவமை.

பவளத்தின் பெரும்பகுதி பழுப்பாகத்தான் இருந்தது. கரைவலை எழுதியதைப் படிக்காமல் போயிருந்தால் ஏமாந்திருப்பேன். ஜாலி பாயில் நிறம் இன்னும் கொஞ்சம் உண்டு, ஆனால் அங்கே எங்களுக்குக் கிடைத்த நேரம் குறைவு. அம்மாவுக்கு நீல்தான் பிடித்திருந்தது. பிற்பகல் படகு போனபின் லட்சுமண்பூரில் சூரியன் மறைவதைப் பார்க்க ஒரு நாள் எங்களுடன் ஒன்பது பேர் இருந்தார்கள், எண்ணினேன். பகலில் பரத்பூரில் நீர் ஸ்கூட்டர் இரைச்சல் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கம் காலை எட்டு மணிக்கு மேல் நாங்கள் போகவில்லை.

மணல் ஈ பற்றித் தீவான் அண்ணா சொன்னதைக் கணவர் கேட்கவில்லை. இன்னும் சொறிந்துகொண்டிருக்கிறார்.

இப்போது அம்மா ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். சிறுமியாக இருந்தபோது பாம்பன் கரையிலிருந்து எதிரே தெரிந்த குருசடைத் தீவிலும் இப்படித்தான் இருக்குமா, அங்கே போக முடியுமா என்று கேட்கிறார். யாருக்காவது தெரியுமா?

கரைவலை (மார்ச் 3, காலை 7.30)

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். களவாவை அடையாளம் கண்டுவிட்டார் என்றால் அவர் நல்ல கண்ணுடையவர், அது பாறை நிழலில் அசையாமல் கிடக்கும்.

குருசடை, மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று. 1986-இல் பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகு அந்தத் தீவுகளில் விருப்பம்போல் இறங்க முடியாது. தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த காலமும் உண்டு. 21-இல் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இன்று நீருக்கு மேல் இல்லை. ஆனால் குருசடைக்குப் பாம்பன் பக்கத்துக் குந்துகாலிலிருந்து வனத்துறை படகு விடுகிறது. நீருக்குள் இறங்கலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம், தீவைப் பார்த்துவரலாம். நம் பக்க நீர் அந்தமான் அளவுக்குத் தெளிவாக இருக்காது. காற்று ஓங்கிய நாட்களில் படகு ஓடாது என்பதால் முதல் நாளே விசாரித்துக்கொண்டு, காலையில் நேரத்தோடு போங்கள்.